ஐவி கேட்ட மழை

நவம்பர் 22, வெள்ளி. இன்றைய தவறு: கோல்ட் கோஸ்ட் கேளிக்கைப் பார்க்குக்கு டிக்கெட் வாங்குமுன் அப்பாவைக் கேட்கவில்லை. கரும்பு மில் வாசல் பலகையில் அரவை முடியும் நாள் நவம்பர் 29 என்று எழுதியிருந்ததை நம்பிவிட்டேன். சிறிய தவறு என்றுதான் நினைக்கிறேன். உறுதியாகத் தெரியவில்லை. நாளைய வேலை: பார்க்குக்குப் போன் செய்து தேதியை மாற்ற முடியுமா என்று கேட்பது.

எழுதியதை டெல்மா ஒருமுறை படித்துப் பார்த்தாள். 'சிறிய' என்ற சொல்லை அடித்துவிடலாமா என்று பேனாவை அதன்மேல் கொண்டுபோய், அடிக்காமல் மூடிவைத்தாள். செவ்வாயும் வியாழனும் பண்டபெர்க்கில் மாலை வகுப்பில் கணக்கு எழுதப் படிக்கிறாள். தினமும் செய்த தவறு ஒன்றையும் மறுநாள் வேலை ஒன்றையும் எழுதிவிட்டுப் படுக்கச் சொல்லியிருந்தார் ஆசிரியை. வகுப்பில் மற்றவர்கள் இரண்டு வாரத்தில் விட்டுவிட்டார்கள். டெல்மாவுக்குத் தவறுகளுக்குப் பஞ்சமில்லை என்பதால் தொடர்ந்து எழுதிக்கொண்டிருந்தாள்.

அன்று மாலை சாப்பாட்டு மேசையில்தான் அது வெளிப்பட்டது. அம்மா வெர்னா மடவை மீன் பொரித்திருந்தாள். கூடவே பிசைந்த சர்க்கரைவள்ளிக்கிழங்கு. டெல்மா வேலை பார்க்கும் கிழங்குக் கொட்டகையில் கோணலானதையும் வெடித்ததையும் வேலைக்காரர்களே எடுத்துப்போகலாம். அதனால் அந்த வீட்டில் நேரான கிழங்கை யாரும் பார்த்ததில்லை. அப்பா ஆல்வின் பகல் முறை வேலை முடிந்து, குளித்தும் போகாத கரும்புப்பாகு வாசனையோடு உட்கார்ந்திருந்தார். மில்லுக்குக் கரும்பு இழுக்கும் சின்ன ரயிலின் என்ஜின் ஓட்டுநர் அவர்.

"டிசம்பர் மூணு, செவ்வாய்க்கிழமை. நாலு பேருக்கும் டிக்கெட் வாங்கிட்டேன்" என்றாள் டெல்மா. சொல்லும்போது கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

ஆல்வின் மீன் முள்ளைத் தட்டின் ஓரத்தில் வைத்தார். "எந்த வருஷத்து டிசம்பர்?"

"விளையாடாதீங்கப்பா. பலகையில இருபத்தொம்பதுன்னு போட்டிருக்கே."

"பலகையா?" அவர் மனைவியைப் பார்த்தார். "கேட்டியா வெர்னா? பொறந்ததுலேர்ந்து மில் சங்கு கேட்டு வளர்ந்த பொண்ணு, பலகையைப் பார்த்து டிக்கெட் வாங்கியிருக்கா. அடியே, அது ஆபீஸ்காரன் ஜூன் மாசம் எழுதினது. அதுக்கப்புறம் அதுமேல காக்காதான் உட்கார்ந்திருக்கு."

"சிரிக்காதீங்க" என்றாள் வெர்னா. "மூணு வருஷமா பார்க்குக்குப் போகலாம்னு நீங்க சொன்ன தேதிக்கு அந்தப் பலகை எவ்வளவோ மேல்."

ஆல்வினின் சிரிப்பு நின்றது. ஆகஸ்டில் மில் இரண்டு முறை பழுதாகி நின்றதையும், வெட்டாத கரும்பு இன்னும் ஆற்றின் வடகரை முழுக்க நிற்பதையும் அவர் சொன்னார். "இப்படியே காய்ஞ்சா டிசம்பர் எட்டு, ஒம்பது வரைக்கும் ஓடும்."

"நாலு நாள் லீவு கேட்டுப் பாருங்களேன்" என்றாள் டெல்மா.

"கடைசி வண்டி வரைக்கும் நின்னவனுக்குத்தான் சீசன் போனஸ். ஒரு நாள் முன்னாடி இறங்கினாலும் கிடையாது. அதை நம்பித்தானே நீ கணக்குப் போட்டிருக்கே? அது இல்லாம கோல்ட் கோஸ்ட் வரைக்கும் காருக்கு எதை ஊத்துறது, கரும்புச் சாறா?"

மேசையின் மூலையில் தங்கை ஐவி கிழங்கைக் கரண்டியால் மலையாகக் குவித்து இடித்துக்கொண்டிருந்தாள். எட்டு வயது. "அப்பா வரலைன்னா நானும் வரல" என்றாள், தலையைத் தூக்காமல்.

ஐவிக்குப் பார்க்கில் வேண்டியது ஒன்றே ஒன்று. உச்சிக்கு ஏறித் தலைகீழாக விழும் பெரிய ரயிலில் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும். அப்பா ஓட்டாத ரயிலில் அப்பா உட்கார்ந்து, பயந்து, கத்துவதைப் பார்க்க வேண்டும். மூன்று வருடமாக வாசல் நிலைக்கட்டையில் உயரம் குறித்து வந்தாள். இந்த வருடம்தான் அந்த ரயிலில் ஏற்றிக்கொள்ளும் உயரத்தை எட்டியிருந்தாள். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் ஏற்றுவார்கள். வெர்னாவுக்கு ஏணியில் நின்றாலே தலைசுற்றும். டெல்மாவைக் கேட்டால், நான் பையைப் பார்த்துக்கொள்கிறேன் என்பாள்.

டெல்மா இந்தப் பயணத்தை மார்ச்சிலிருந்து கட்டிவந்தாள். பள்ளி விடுமுறைக்கு முந்தைய வாரம் என்பதால் டிக்கெட் மலிவு. கூடாரம் போடும் இடத்துக்கும் பாதி வாடகைதான். விடுமுறை தொடங்கிவிட்டால் அது மூன்று மடங்காகும். கூடாரமும், அதை மடித்து வைத்து இழுத்துப்போகும் பெட்டி வண்டியும் லெஸ்டர் மாமாவுடையவை. ரொட்டியும் உப்புக்கண்ட இறைச்சியும் வீட்டிலிருந்து. தண்ணீர் பாட்டில் ஆளுக்கொன்று. கணக்கில் கட்டாயம், தேவை, ஆசை என்று மூன்று வரிசை வைத்திருந்தாள். ஆசை வரிசையில் ஒரே ஒரு வரி இருந்தது: நாலு பேருக்கும் ஐஸ்கிரீம். அப்பா நிற்கும் வரிசைதான் எது என்று இப்போது தெரியவில்லை.

சனிக்கிழமை பார்க்குக்குப் போன் செய்தாள். நீண்ட பாட்டுக்குப் பிறகு ஒரு பையன் எடுத்தான். இந்த விலைக்கு வாங்கிய டிக்கெட்டை மாற்ற முடியாது, திருப்பித் தரவும் முடியாது என்றான். பிறகு, நாள் இனிதாக அமையட்டும் என்றான். டெல்மா அவனுக்கு நன்றி சொன்னாள். எதற்கு நன்றி சொன்னோம் என்று வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் லெஸ்டர் மாமா சாப்பிட வந்தார். வெர்னாவின் அண்ணன். மனைவி பிரிந்துபோன பிறகு ஞாயிறு மதியம் அவருக்கு இந்த வீட்டில்தான் சாப்பாடு. அவர்களுடைய முன்னோர்கள் கப்பலில் தீவுகளிலிருந்து கரும்பு வெட்டக் கொண்டுவரப்பட்டவர்கள். அந்த வம்சத்தில் சொந்த வயலில் கரும்பு வைத்திருப்பவர் இப்போது லெஸ்டர் மாமா ஒருவர்தான். நாற்பது ஏக்கர். அறுவடை மெஷின் எந்த வயலுக்கு எப்போது வரும் என்று வருடத் தொடக்கத்தில் சீட்டுக் குலுக்குவார்கள். இந்த வருடம் அவருக்குக் கடைசிச் சீட்டு விழுந்திருந்தது.

வெயில் கொளுத்தியது. கதவெல்லாம் திறந்து வைத்தும் காற்று இல்லை. வடக்கே அடிவானத்தில் அழுக்குப் பஞ்சு மாதிரி மேகம் சேர்ந்திருந்ததை எல்லோரும் பார்த்தார்கள். தேங்காய்ப்பாலில் வெந்த கோழியையும் சேப்பங்கிழங்கையும் வெர்னா மேசையின் நடுவில் வைத்தாள். அன்று ஜெபம் சொல்வது ஐவியின் முறை.

ஐவி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். "கர்த்தாவே, சாப்பாட்டுக்கு நன்றி. அம்மாவுக்கு நன்றி. கோழிக்கும் நன்றி. நாளையிலேர்ந்து நல்லா மழை பெய்யணும். மில் நின்னுடணும். அப்பா எங்ககூட வரணும். ஆமென்."

"ஆமென்" என்றார் லெஸ்டர் மாமா பழக்கத்தில்.

ஆல்வின் கரண்டியைக் கீழே வைத்தார். "ஐவி. எந்திரி. மாமாகிட்ட மன்னிப்புக் கேளு."

"எதுக்குப்பா? நான் மாமாவை ஒண்ணும் சொல்லலையே."

"விடு மச்சான்" என்றார் லெஸ்டர் மாமா. "புள்ள நல்லாத்தான் கேட்டிருக்கா. எத்தனை அங்குலம்னு மட்டும் சொல்ல மறந்துட்டா." சேப்பங்கிழங்கை எடுத்துத் தட்டில் போட்டுக்கொண்டார். "குட்டி, மழை பெஞ்சா சேறாகும். சேத்துல மெஷின் இறங்காது. இறங்கலைன்னா ரெண்டு நாள் பார்ப்பான், மூணு நாள் பார்ப்பான், மில்லை மூடிட்டுப் போயிடுவான். மாமா கரும்பு அங்கேயே நிக்கும்."

"நின்னா என்ன மாமா? அடுத்த வருஷம் வெட்டிக்கலாமே?"

"வெட்டலாமே. அதுக்குள்ள பாதி விழுந்திருக்கும். மிச்சம் கிழவன் பல்லு மாதிரி ஆடிக்கிட்டு நிக்கும்."

"இந்த வருஷம் காசு வராதா?"

"வராது."

ஐவியின் முகம் மெல்ல மாறியது. மேசையைச் சுற்றி ஒவ்வொருவராகப் பார்த்தாள். "அப்ப நான் சொன்னதைத் திருப்பி வாங்கிக்கலாமா?"

"சாப்பிடு" என்றாள் வெர்னா. "கோழி ஆறுது." பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள். "அவகிட்ட எதுக்குக் கோபம்? வாயில சொன்னா, அவ்வளவுதான். காலையிலேர்ந்து நீங்க எத்தனை தடவை வெளியே போய் மேகத்தைப் பார்த்துட்டு வந்தீங்க?"

"நான் காயணும்னுதான் பார்த்தேன்."

"நான் என்ன பார்த்தேன்னு எனக்கே தெரியல" என்றாள் வெர்னா.

டெல்மா தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சர்ச்சில் முழங்காலில் நின்றபோது அவள் கேட்டதும் அதேதான். ஐவியைவிட நல்ல வார்த்தைகளில் கேட்டிருந்தாள். 'உமக்குச் சித்தமானால்' என்று முன்னால் சேர்த்திருந்தாள். அவ்வளவுதான் வித்தியாசம்.

சாப்பிட்டு முடித்து மாமா, கூடாரத்தைப் பார்த்துவிடலாம் வா என்று டெல்மாவைத் தன் வண்டியில் அழைத்துப்போனார். அவர் வீட்டுக் கொட்டகையில் பெட்டி வண்டி தூசி படிந்து நின்றது. இருவரும் கூடாரத் துணியை இழுத்துப் புல்மேல் விரித்தார்கள். ஒரு மூலையில் பூசணம் கறுத்திருந்தது. மாமா வினிகரில் துணியை நனைத்துத் தேய்க்க ஆரம்பித்தார். டெல்மா கம்பிகளை நீளவாரியாக அடுக்கினாள். கொட்டகைக்குப் பின்னால் வேலி, வேலிக்குப் பின்னால் கரும்பு. ஆளுயரத்துக்கு மேல் ஓர் ஆள் உயரம். வயல் ஓரமாக ரயில் தடம் வெயிலில் மின்னியது. காற்றே இல்லாதபோதும் கரும்புத் தோகை உரசும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"நல்ல கரும்பு இந்த வருஷம்" என்றார் மாமா. "எட்டு வருஷமா இப்படி வந்ததில்ல. புது பம்ப் வாங்கிப் போட்டேன் பாரு, அதான். இது வெட்டாம நின்னுபோச்சுன்னா, கடன் கொடுத்த பம்புக்காரன் என்னைக் கோணியில போட்டுத் தைச்சுடுவான்."

"அப்பா இருந்து இழுத்துடுவாரு மாமா. அவர் லீவு போடமாட்டாரு. ரெண்டு டிரைவர் வேற இல்லையாம்."

"தெரியும். அதனாலதான் உன்கிட்ட சொல்றேன். அவன்கிட்ட சொன்னா அவனுக்கும் வருத்தம், எனக்கும் வருத்தம்." துணியைப் பிழிந்தார். "நீ என்ன வேண்டிக்கிட்டே?"

டெல்மா ஒரு கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். "மழைதான் மாமா."

"ம்." அவர் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "அந்த ஆணி டப்பாவை இப்படித் தள்ளு. ஒண்ணு ரெண்டு வளைஞ்சிருக்கும், தட்டி நிமிர்த்தணும். அங்க மணல் தரை, நேரான ஆணிதான் நிக்கும்."

திட்டினால் நன்றாக இருக்கும் போலிருந்தது. அவர் திட்டவில்லை. சாயங்காலம் வரை இருவரும் ஆணி நிமிர்த்தினார்கள்.

செவ்வாய்க்கிழமை மதியம் மழை வந்தது. கிழங்குக் கொட்டகையில் டெல்மா கழுவும் வரிசையில் நின்றிருந்தாள். தகரக் கூரையில் முதலில் ஒரு கைப்பிடி கூழாங்கல்லை யாரோ வீசிய மாதிரி இருந்தது. பிறகு லாரி லாரியாகக் கொட்டினார்கள். வெக்கையில் வெந்துகொண்டிருந்த பெண்கள் எல்லோரும் கையைத் தூக்கிக் கூவினார்கள். பக்கத்தில் நின்றவள் ஈரக் கையுறையோடு டெல்மாவைக் கட்டிக்கொண்டாள். டெல்மாவும் கூவினாள். அப்பா வருவார், அப்பா வருவார் என்று நெஞ்சு அடித்தது. அது எழும்பிய வேகத்திலேயே, வயல் ஓரத்தில் வினிகர் துணியோடு குனிந்திருந்த முதுகும் கண்ணில் வந்தது. கையில் இருந்த கிழங்கைக் கழுவினாள். கழுவியதையே மறுபடியும் கழுவினாள்.

புதன்கிழமையும் விடவில்லை. வெட்டிப்போட்ட வயல்களில் மெஷின்கள் சக்கரம் புதைந்து நின்றன. கரும்பு ஏற்றும் ரயில் தொட்டிகள் காலியாகத் தடங்களில் வரிசையாக மழைநீர் நிரம்பிக் கிடந்தன. வியாழக்கிழமை நான்கு மணிக்கெல்லாம் ஆல்வின் வீட்டுக்கு வந்து, பின்வாசலில் பூட்ஸைக் கழற்றினார். வெகுநேரம் கழற்றினார்.

"முடிஞ்சுது" என்றார். "ஏற்கெனவே வெட்டினதை மட்டும் நாளைக்கு இழுக்கணும். அதான் கடைசி வண்டி. பலகை ஜெயிச்சிடுச்சு டெல்மா. சொன்ன தேதி சொன்னபடி."

அடுப்பில் எதுவோ கொதித்துக்கொண்டிருந்தது.

"அப்ப நீங்க வர்றீங்களா?" என்று ஐவி கேட்டாள்.

"வர்றேன்."

அவள் குதிப்பாள் என்று டெல்மா எதிர்பார்த்தாள். ஐவி நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. "மாமாவுக்குத் தெரியுமா?"

வெர்னா அண்ணனுக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடியும் போட்டாள். "வெளியே இருப்பாரு" என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டு, வெங்காயம் நறுக்கப் போனாள்.

"வண்டியை அவர்கிட்ட கேக்கக் கூடாது இனி" என்றாள் டெல்மா.

"கேக்காம?" என்றாள் வெர்னா.

"கூடாரம் இல்லாம அறை எடுக்கணும்னா கணக்கு இடிக்கும். போக வேண்டாம்மா. டிக்கெட் போனா போகட்டும்."

"போகாம இருந்தா அவர் கரும்பு தானா வெட்டிக்குமா?" என்றாள் வெர்னா. வெங்காயத்தைப் பார்த்தே சொன்னாள். "பேசாம இரு. எனக்கும் தெரியல என்ன பண்றதுன்னு."

கடைசி வண்டி என்றால் அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. என்ஜின் முகத்தில் பச்சைக் கிளையும் கரும்புத் தோகையும் கட்டுவார்கள். தடத்தில் இருக்கும் கடைசி வயலிலிருந்து மில் வரைக்கும் ஓட்டுநர் ஊதலை விடாமல் ஊதிக்கொண்டு வருவார். பிள்ளைகள் வாசலுக்கு ஓடிவருவார்கள். அந்த வருடம் பிழைத்துவிட்டோம் என்று அதற்கு அர்த்தம். வெள்ளிக்கிழமை மாலை தூறலில் வெர்னாவும் டெல்மாவும் ஐவியும் வாசலில் நின்றார்கள். வெகுதூரத்தில், ஆற்று வளைவில், ஊதல் எழுந்தது. அழுத்திப் பிடித்த ஒரே நீள ஊதல். சீனிக்கொல்லைத் திருப்பம், பாலம், பழைய பள்ளிக்கூடம் என்று அது நெருங்கிவருவதைக் காதாலேயே பார்க்கலாம்.

பிறகு நின்றது.

தண்டவாளத்தில் சக்கரம் உருளும் சத்தம் மட்டும் தூறலுக்குள் வந்துகொண்டிருந்தது. "ஊதல் கெட்டுப்போச்சா?" என்றாள் ஐவி. அந்த இடத்தில் தடம் எந்த வேலியோரமாகப் போகிறது என்று டெல்மாவுக்குத் தெரியும். நாற்பது ஏக்கரின் நீளம் முழுக்க அந்த அமைதி ஊர்ந்து வந்தது. வெர்னா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு ஊதல் மறுபடி எழுந்து மில் பக்கம் போயிற்று. அடுத்த வீட்டுப் பிள்ளைகள் கையசைத்துக் கத்தினார்கள்.

சனிக்கிழமை காலை வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. லெஸ்டர் மாமா மழைச்சட்டையோடு இறங்கினார். பின்னால் பெட்டி வண்டி. டயர் இரண்டும் காற்று நிரம்பி, கழுவித் துடைத்து, சக்கரத்துக்குப் புது மசகு போட்டிருந்தது.

ஆல்வின் படியிறங்கிப் போனார். இருவரும் வண்டியைப் பார்த்தார்கள், ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

"இடது பக்க விளக்கு எரியல மச்சான். கம்பி மாத்திட்டேன்" என்றார் மாமா. "ஜிம்பி ஊரு தாண்டினதும் ரோடு குழி. மெதுவாப் போ."

"லெஸ்டர், இதை நீ..."

"சொன்ன சொல் சொன்னதுதானே. மழை பெஞ்சா கொடுக்கமாட்டேன்னு நான் சொல்லலையே." அவர் மழைச்சட்டையின் தலைப்பகுதியைத் தள்ளினார். கண்கள் சிவந்திருந்தன. தூங்காதவர் கண்கள். "தண்ணி நிக்குது அங்க. முழங்கால் அளவு. அது நின்னாத்தான் பயம். வேர் அழுகிடும். வடிஞ்சா அடுத்த வருஷத்துக்குப் பாதியாவது தேறும். நேத்து ராத்திரி பூரா தனியா வடிகால் வெட்டினேன், ஒரு கால்வாய்கூட முடியல."

ஐவி கதவுக்குப் பின்னாலிருந்து மெல்ல வந்தாள். அவர் முன்னால் நின்று, செருப்பைப் பார்த்தபடி சொன்னாள்: "மாமா, நான் திருப்பிக் கேட்டேன். செவ்வாய்க்கிழமையும் கேட்டேன், புதன்கிழமையும் கேட்டேன். போதும்னு சொன்னேன். கர்த்தர் கேக்கல."

லெஸ்டர் மாமா குனிந்து அவள் உயரத்துக்கு வந்தார். முழங்கால் சேறு முற்றத்தில் பதிந்தது. "மொதல்ல போன மனு மொதல்ல, குட்டி. ஆபீஸ் எல்லாம் அப்படித்தான். அடுத்த வருஷம் மாமா மனுவை நீயே முன்னாடி கொடுத்துடு. உனக்கு அங்க செல்வாக்கு இருக்கு." சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. "உங்க அப்பன் அந்த ரயில்ல கத்துறதை நல்லாப் பார்த்துட்டு வந்து எனக்குச் சொல்லணும். எவ்வளவு சத்தமாக் கத்தினான்னு. அது எனக்கு வேணும்."

காபி குடிக்கச் சொல்லியும் அவர் நிற்கவில்லை. தண்ணீர் காத்திருக்கிறது என்று போய்விட்டார். ஆல்வின் பெட்டி வண்டியின் மூடியைத் திறந்தார். கூடாரம் மடித்திருந்தது, பூசணம் போன மூலை மேலே தெரியும்படி. ஆணி டப்பாவில் எல்லா ஆணிகளும் நேராக இருந்தன. அவர் மூடியைச் சாத்திவிட்டு, தூண்கள்மேல் நின்ற வீட்டின் அடிப்பக்கம் போய் எதையோ தேடினார். இரும்பு இரும்போடு இடிக்கும் சத்தம் கேட்டது.

நவம்பர் 30, சனி. இன்றைய தவறு: எது என்று எழுத உட்கார்ந்தேன், எங்கே தொடங்கியது என்று தெரியவில்லை. பலகையைப் பார்த்த நாளா, ஞாயிற்றுக்கிழமையா. ஆசிரியை ஒன்றுதான் எழுதச் சொன்னார். இடத்தை விட்டுவைக்கிறேன். திங்கள்கிழமை பயணம். கட்டவேண்டியது எல்லாவற்றையும் அன்று காலையில் கட்டிக்கொள்ளலாம். நாளைய வேலை: விடிந்ததும் அப்பாவும் அம்மாவும் நானும் லெஸ்டர் மாமா வயலில் வடிகால் வெட்டுவது. மண்வெட்டி இரண்டு நம்மிடம் இருக்கிறது. அம்மாவுக்கு ஒன்று அடுத்த வீட்டில் கேட்க வேண்டும். ஐவிக்கு வாளி.